ஊமைத் தூது

எனக்கு வந்த வாசகர் கடிதங்களில் என்னை அதிகமாகச் சங்கடப்படுத்தியது ஒரு தபால் கார்டு. எழுதியவர் ஐயப்பன்தாங்கல்வாசி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் நாவல் ஒன்றில், பங்குனி மாதத்து மாலை வேளையில் கதாநாயகி ஏரிக்கரையில் நிற்கிறாள். தலைக்கு மேலே செங்கால் நாரைகள் கூட்டமாகக் கூவிக்கொண்டு வடக்கே போகின்றன. அவளுக்குக் கண்ணில் நீர் நிறைகிறது. இந்த இடத்தை மெச்சிச் சில பேர் எழுதியிருந்தார்கள். கார்டுக்காரர் மெச்சவில்லை. 'தாங்கள் கண்டது எந்த நாரை? மஞ்சள் மூக்கா, நத்தைகுத்தியா, வெண்ணாரையா? எதுவானாலும் அது கூவுமா? தயவுசெய்து தெரிவிக்கவும்' என்று மூன்று வரி. அதற்குக் கீழே கையெழுத்தும் விலாசமும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கண்டது எந்த நாரையும் இல்லை. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடத்தில் சத்திமுற்றப் புலவர் பாட்டு இருந்தது, அதிலிருந்து எடுத்தேன். தமிழில் கதை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே நாரையை அங்கிருந்துதான் எடுக்கிறோம். குயிலைச் சினிமாப் பாட்டிலிருந்தும், அன்றிலைப் பழம்பாடலிலிருந்தும், நாரையைச் சத்திமுற்றத்திலிருந்தும் கடன் வாங்கிவந்து நம் கதாநாயகிகளின் தலைக்கு மேலே பறக்கவிடுகிறோம். கூவல் மட்டும் என் சொந்தச் சரக்கு. புலவருடைய நாரை கூவவில்லை. பாட்டைப் பத்து வயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்தும் அதை நான் கவனித்ததில்லை.

கார்டுக்குப் பதில் எழுதாமல் ஐயப்பன்தாங்கலுக்கே போனேன். அந்த ஊரின் பெயரைச் சொன்னால் இன்றைக்குப் பட்டணத்து ஜனங்களுக்கு ஞாபகம் வருவது பஸ் டிப்போ. பூந்தமல்லி சாலை நெடுகிலும் மெட்ரோ ரயிலின் தூண்கள். அவற்றுக்குப் பின்னால் அடுக்குமாடி வீடுகள். ஆனால் தாங்கல் என்றால் சிறிய ஏரி. மழைத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தி வயலுக்கு விடுகிற இடம். செங்கல்பட்டுச் சீமையில் இந்தப் பெயர் ஜாஸ்தி. பழவந்தாங்கல் இருக்கிறது, பறவைகளால் பேர் பெற்ற வேடந்தாங்கலும் இருக்கிறது. ஒரு பக்கம் போரூர் ஏரி. அதன் மேலேயே பைபாஸ் ரோடு போகிறது. மறுபக்கம் பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. அடையாற்றுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. 2015 டிசம்பருக்குப் பிறகு அந்த ஏரியின் பெயரைப் பட்டணம் கொஞ்சம் பயத்தோடுதான் உச்சரிக்கிறது.

கார்டுக்காரர் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நாளைக்குக் காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் கரையில் இருக்கலாம், ஸார்" என்றார். அவ்வளவுதான் விமரிசனம்.

மூன்று பங்குனி அவரோடு போயிருக்கிறேன். இவர்களெல்லாம் பறவை பார்ப்பது என்பதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். அது கிட்டத்தட்டக் கணக்கு வேலை. கையில் ஒரு நோட்டு, கழுத்தில் பைனாகுலர், முகத்தில் பேச்சு வேண்டாம் என்கிற பாவம். முதல் நாளே நான் அவமானப்பட்டேன். ஓரத்துச் சேற்றில் நீண்ட சிவப்புக் கால்களோடு ஏழெட்டு நிற்கக் கண்டு, "அதோ, செங்கால்!" என்று கத்திவிட்டேன். எல்லாம் எழுந்து பறந்து இன்னும் தூரத்தில் போய் இறங்கின. "அது நெடுங்கால் உள்ளான், ஸார். நாரையில் கால்வாசி இருக்காது" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பங்குனியில் அந்தக் கரையில் நடப்பது ஒரு பிரயாண ஏற்பாடு. மின்சாரக் கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சித்திரையோடு காணாமல் போய்விடும். நீலச்சிறகி வாத்துகளும் சின்னச் சின்ன உள்ளான்களும் குனிந்த தலை நிமிராமல் தின்கின்றன. தின்பது வயிற்றுக்கு மட்டுமல்ல. தோலுக்கடியில் கொழுப்பாகச் சேர்கிறது, அதுதான் வழிச்செலவு. மத்திய ஆசியாவுக்கும் சைபீரியாவுக்கும் போகவேண்டிய ஜீவன்கள் நம் ஊர்ச் சேற்றில் கட்டுச்சோறு கட்டிக்கொள்கின்றன. இவற்றுக்கு நடுவே மஞ்சள் மூக்கு நாரைகளும், அலகின் நடுவே இடைவெளியுள்ள நத்தைகுத்திகளும், கூழைக்கடாக்களும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களைப் போல அவசரமில்லாமல் நிற்கும். இவை தண்ணீரைத் தேடி ஜில்லாவுக்கு ஜில்லா மாறுமே தவிர, சீமை தாண்டுவதில்லை.

சீமை தாண்டுகிற நாரை வெண்ணாரை. உடம்பெல்லாம் வெள்ளை, சிறகின் பின்பகுதி கறுப்பு, காலும் அலகும் நல்ல சிவப்பு. சுமார் மூன்றடி உயரம். சிறகை விரித்தால் 2 மீட்டர். ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் வருகிறது. தமிழ்நாடு வரைக்கும் எட்டுகிறவை மிகக் கொஞ்சம். புலவர் பாடிய செங்கால் நாரை இதுதான் என்று பறவை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நம் ஊர் மஞ்சள் மூக்குக்கு அலகு சிவப்பில்லை, நத்தைகுத்திக்கும் இல்லை. புலவர் சொல்லும் காலும் அலகும் பிரயாணமும் ஒன்றாகப் பொருந்துவது வெண்ணாரைக்குத்தான். மூன்று பங்குனியிலும் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஆனால் அதற்காகக் காத்திருந்த நேரத்தில் பாட்டைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல், குளிர்ந்த கரையில் நின்றுகொண்டு, அதை முதல் தடவையாக வாசித்தேன் என்றே சொல்லவேண்டும்.

பாட்டின் விஷயம் எல்லோருக்கும் தெரியும். வறுமையால் ஊரை விட்டு மதுரைக்கு வந்த புலவர், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் வாடையில் நடுங்குகிறார். வானத்தில் போகும் நாரையைக் கூப்பிடுகிறார். கால் சிவப்பு, அலகு, பனங்கிழங்கைப் பிளந்து வைத்ததுபோல, பவளத்தின் நிறம். நீயும் உன் மனைவியும் தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புவீர்களானால், எங்கள் ஊர்ச் சத்திமுற்றத்துக் குளத்தில் தங்குங்கள். நனைந்த சுவரும் கூரையுமான வீட்டில் பல்லி சொல்லும் சகுனத்துக்காகக் காத்திருக்கும் என் மனைவியைப் பாருங்கள். பாண்டியன் மதுரையில், கையால் மார்பைப் பொத்திக் காலால் உடம்பைத் தழுவிக்கொண்டு, பெட்டிக்குள் அடைபட்ட பாம்பு மாதிரி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிற உன் ஏழையைக் கண்டோம் என்று சொல்லுங்கள்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. நாரையின் மூக்குக்கு என்ன உவமை சொல்லலாம் என்று பாண்டியராஜா வெகு நாளாக யோசித்துக்கொண்டிருந்தானாம். நகர் சோதனை வந்தவன் இருட்டில் புலவர் பாடியதைக் கேட்டு, பனங்கிழங்கில் சொக்கிப்போய்த் தன் உத்தரீயத்தைப் புலவர்மேல் போட்டுவிட்டுப் போனானாம். பிற்பாடு கூப்பிட்டுச் சன்மானமும் செய்தானாம்.

இந்தக் கதைதான் பாட்டைக் கெடுத்தது என்பது என் கட்சி. ஒருவன் குளிரில் செத்துக்கொண்டிருக்கிறான். கேட்கிறவன் உவமைக்குக் கைதட்டுகிறான். ராஜா அப்படி ரஸித்தான் என்பதால் அவனுக்குப் பின்னால் வந்த தமிழ் வாத்தியார்களும் அப்படியே ரஸித்தார்கள். பனங்கிழங்கு உவமை நயம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பரீட்சையில் நானும் எழுதி மார்க்கு வாங்கினேன். பனங்கிழங்கு நல்ல உவமைதான். பச்சைக் கிழங்கைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அந்த நீளமும் கூர்மையும் தெரியும். ஆனால் அதைவிடப் பல மடங்கு உசத்தி பெட்டிக்குள் இருக்கும் பாம்பு. அதை ராஜா கவனித்ததாகக் கதை சொல்லவில்லை. கவனித்திருந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பான்.

புலவர் இந்த ரூபத்தைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு வெகு காலம் முன்பே பிசிராந்தையார் இதே வழியில் ஒரு பறவையை அனுப்பியிருக்கிறார். புறநானூற்றில் 67-ஆம் பாட்டு. அங்கே தூது போவது அன்னச் சேவல். அதுவும் குமரித் துறையிலிருந்து வடக்கே மலைக்குப் போகிறது. அங்கும் 'போவாயானால்' என்ற அதே நிபந்தனை. நடுவில் சோழ நாட்டில் இறங்கி, உறையூர் மாடத்தில் இளைப்பாறி, வாயிற்காவலனிடம் நிற்காமல் அரண்மனைக்குள் போய், கோப்பெருஞ்சோழன் காதில் என் பெயரைச் சொல்; உன் பேடை பூட்டிக்கொள்ள நகை தருவான் என்கிறார். இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பின்னவர் முன்னவரை எப்படித் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார் என்பது விளங்கும். அன்னம் இறங்குவது மாடத்தில். நாரை தங்குவது ஊர்க் குளத்தில். அன்னத்தின் பெண்டுக்கு நகை கிடைக்கும். நாரையின் பெண்டு போய்ப் பார்க்கப்போவது, நனைந்த சுவருக்குள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்டை. பதிலுக்குப் புலவர் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. தர என்ன இருக்கிறது?

அன்னம் என்பது வரித்தலை வாத்து என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை; திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்கு வருகிறது. குமரிப் பக்கமிருந்து வடமலைக்கு என்ற கணக்கு அதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. பிசிராந்தையாரின் அன்னம் அயிரை மீனைத் தின்றுவிட்டுக் கிளம்புகிறது. வாத்தோ பெரும்பாலும் புல்லும் பயிரும் மேய்வது. என் நண்பர் இந்த இடத்தில் முகத்தைச் சுளித்தார். அவருக்குச் சங்கப் புலவரானாலும் ஒன்றுதான், நானானாலும் ஒன்றுதான்.

காளிதாசன் மேகத்தை வடக்கே அனுப்பினான். வேதாந்த தேசிகர் அன்னத்தைத் தெற்கே இலங்கைக்கு அனுப்பினார். தமிழில் பிற்காலத்தில் நெஞ்சு, கிளி, தமிழ் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தூது விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் தூது என்பது புகழ்ச்சி பாட ஒரு சாக்கு. வழியில் உள்ள ஊர்களைப் பாடலாம், பாட்டுடைத் தலைவனைப் பாடலாம், சன்மானம் வாங்கலாம். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற அவசியமே எழாது. சத்திமுற்றப் புலவர் பாட்டில் மட்டும் எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது. கரையில் நின்று நாட்களை எண்ணினதால் எழுந்தது.

கணக்கைப் பாருங்கள். புலவர் நடுங்குவது வாடையில். ஐப்பசியில் தொடங்கித் தை வரை வைத்துக்கொள்ளுங்கள். நாரை அப்போது தெற்கே வருகிற சமயம். குமரிக்குப் போகவேண்டும், நீராடவேண்டும், பிறகு வடக்கே திரும்பவேண்டும். அது திரும்புகிற காலம் மாசி, பங்குனி. வெண்ணாரை யாத்திரைக் காலத்தில் ஒரு நாளைக்கு 200, 300 கிலோமீட்டர் சாதாரணமாகப் போகும். குமரியிலிருந்து சத்திமுற்றம், கும்பகோணத்துக்கு அருகே பட்டீஸ்வரத்தை அடுத்த ஊர், இரண்டு நாள் பறப்புத்தான். தூரம் அதைத் தாமதப்படுத்துவதில்லை. பருவம் தாமதப்படுத்துகிறது. நாரை சத்திமுற்றத்துக் குளத்தில் இறங்குகிறபோது வெயில் ஏறியிருக்கும். சுவர் காய்ந்திருக்கும். 'உன் புருஷன் குளிரில் நடுங்குகிறான்' என்கிற சேதி விசிறி தேடுகிற காலத்தில் அவள் காதுக்குப் போகிறது.

"அவர் பார்த்தது திரும்பிப் போகிற நாரையாக இருக்கக்கூடாதா, ஸார்?" என்று நண்பர் கேட்டார். இருக்கலாம். ஆனால் குமரியில் ஆடி வடக்கே போவீர்களானால் என்று சொல்கிறார். ஆடிவிட்டீர்கள், போகிறீர்கள் என்று சொல்லவில்லை. அந்த 'ஆனால்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவசரச் சேதி அனுப்புகிறவன் நிபந்தனை போடமாட்டான். உன் வழியில் இருந்தால், உனக்குத் தங்க வேண்டியிருந்தால், அப்படியே அவளையும் பார் என்று சொல்கிறவனுக்குச் சேதி போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அதிகமில்லை. நனைந்த சுவரும் அப்படித்தான். அவர் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் சுவர் நனைந்திருந்தது. அவர் மனசில் அது இன்னும் நனைந்தே இருக்கிறது. வெளியூரில் கிடந்தவர்களுக்கு இது தெரியும். நாம் விட்டுவந்த கோலத்திலேயே வீடு நின்றுவிடுகிறது.

இனி, கார்டில் கேட்டிருந்த கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அது கூவுமா? கூவாது. வளர்ந்த நாரைக்குக் குரல் அநேகமாக இல்லை. மற்றப் பறவைகள் குரல் எழுப்புகிற உறுப்பு அதற்கு வளர்ச்சி பெறவில்லை. மேல் அலகையும் கீழ் அலகையும் தட்டிச் சத்தம் செய்யும். கழுத்தைப் பின்னால் முதுகுவரை சாய்த்துக்கொண்டு தட்டும். ஆணும் பெண்ணும் கூட்டில் சந்திக்கும்போது அதுதான் பேச்சு. மஞ்சள் மூக்கும் நத்தைகுத்தியும் இதே ஜாதி வழக்கம்தான். வேடந்தாங்கலில் கூடு கட்டும் காலத்தில் நின்று கேட்டால், காய்ந்த மூங்கில் சிம்புகளைத் தட்டுவதுபோல் கேட்கும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பாட்டு வேறாகிவிட்டது. தூதுக்கு அமைந்த பறவைக்குக் குரல் இல்லை. புலவருக்கும் இல்லை, அவர் மூச்சுதான் விடுகிறார். மனைவி பேசுவதாகவும் பாட்டில் இல்லை, காத்திருக்கிறாள். பாட்டு முழுவதிலும் குரல் உள்ள பிராணி ஒன்றே ஒன்று: பல்லி. அதன் குரலுக்குத்தான் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். நாரை போய்த் தன் அலகைத் தட்டினால், பவளம்போன்ற, பனங்கிழங்குபோன்ற அதே அலகை, அவளுக்கு என்ன தெரியும்? இரண்டு பறவைகள் குளத்தில் வந்து தங்கியிருக்கின்றன என்பது தெரியும்.

புலவர் இதை எண்ணித்தான் பாடினார் என்று நான் சாதிக்கமாட்டேன். அவர் பறவை நூல் எழுத வரவில்லை. ஆனால் நாரையைக் கண்ணால் கண்டவர் அவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்டதை ஒழுங்காகச் சொன்னால், சொன்னவனுக்கே தெரியாத விஷயங்களும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். என் நாவலில் எதுவும் வந்து ஒட்டவில்லை. காணாத பறவையைக் கூவ வைத்தேன், கதாநாயகி அழுதாள், அத்தோடு சரி.

இந்தப் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்க்கிறவர்கள் சிலர் நாரைக்குக் கிரேன் என்று போட்டுவிடுகிறார்கள். தமிழிலேயே நாரை, கொக்கு, குருகு என்ற பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அதனால் முழுக்க அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிரேன் வேறு ஜாதி. நம் ஊர்க் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். நாரையும் கிரேனும் நீட்டிக்கொண்டு பறக்கும். அதோடு ஒற்றுமை தீர்ந்தது. நாரை மரத்தில் கூடு கட்டும். கிரேன் மரத்தில் உட்காருவதே வழக்கமில்லை. ராஜஸ்தானத்தில் பலோடிக்குப் பக்கத்தில் கீசன் என்ற கிராமத்துக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து ஊரார் போடும் தானியத்தைத் தின்றுவிட்டுப் பங்குனி வாக்கில் வடக்கே திரும்புகிற குர்ஜாப் பறவைகள் கிரேன்கள்தான். வால்மீகியின் கிரௌஞ்சம் வடநாட்டுச் சாரஸ் என்கிறார்கள், அதுவும் கிரேன். இவற்றின் மூச்சுக்குழல் நீண்டு மார்பெலும்போடு ஒட்டி வளைந்து கிடப்பதால் குரல் எக்காளம்போல வெகு தூரம் போகும். ஆகவே கிரேன் என்று பெயர்த்துவிட்டால் புலவருக்கு உரத்த குரலில் கத்துகிற தூதன் ஒருவன் கிடைத்துவிடுகிறான். வேடன் அம்புக்கு ஜோடியை இழந்த கிரௌஞ்சம் வாய்விட்டு அலறியதிலிருந்து ஒரு காவியம் பிறந்தது. நாரையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு காவியம் தொடங்க முடியாது. தனிப்பாடல்தான் எழுத முடியும்.

நண்பர் ஒரு குற்றமும் கண்டார். "நீயும் உன் மனைவியும் என்கிறாரே, அது சரியில்லை, ஸார். நாரை ஜோடியாக யாத்திரை போகாது. கூட்டமாகப் போகும். ஊருக்குத் திரும்புகிறபோது பெரும்பாலும் ஆண் முன்னால் போய்க் கூட்டைப் பிடித்துக்கொள்ளும். பெண் சில நாள் பின்னால் வரும்." சரிதான். காலையும் அலகையும் திசையையும் தங்குமிடத்தையும் இவ்வளவு நிதானமாகக் கண்டவர் இங்கே மட்டும் தவறுகிறார். ஜோடியாகப் போகவேண்டும் என்று விரும்பியது நாரை அல்ல. இந்தப் பிழையைத் திருத்தினால் பாட்டு போய்விடும். நாவலில் நான் செய்த பிழையைத் திருத்தினால் ஒன்றும் போகாது. பிழைகளிலும் ஜாதி இருக்கிறது போலும்.

கபிலரிடம் இதற்கு ஒரு மூதாதை உண்டு. குறுந்தொகையில், தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சியாக வேறு யாரும் இல்லை, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற குருகுதான் இருந்தது என்கிறாள் ஒருத்தி. அந்தக் குருகின் கால் தினைத்தாள்போலச் சிறுத்துப் பசுமையாக இருக்கிறது. இன்றைக்கும் போரூர் ஏரி ஓரத்தில் மடையான் கொக்கு அதே பசுமஞ்சள் காலோடு, அதே வேலையாகத்தான் நிற்கிறது. அது சாட்சிக்கு வராது. அதற்கு மீன்தான் முக்கியம். சாட்சி சொல்லாத குருகையும், சேதி சொல்லாத நாரையையும் வைத்து இரண்டு பேர் இவ்வளவு சொல்லியிருக்கிறார்கள்.

பறவைகள் பருவத்துக்குப் பருவம் வெகு தூரம் போய்வருகின்றன என்பது மேல்நாட்டில் நிச்சயமாக ஒப்புக்கொள்ளப்பட நாளாயிற்று. தகைவிலான்கள் குளிர்காலத்தில் குளத்துச் சேற்றில் தூங்குகின்றன என்று படித்தவர்களே 18-ஆம் நூற்றாண்டிலும் நம்பினார்கள். அதற்கு முந்திய நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலேயர் பறவைகள் சந்திரனுக்குப் போவதாக எழுதினார். 1822-ல் ஜெர்மனியில் ஒரு வெண்ணாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றது. ஈட்டியோடு பறந்து வந்திருக்கிறது. ராஸ்டாக் சர்வகலாசாலையில் அதைப் பாடம் பண்ணி இன்றும் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் 'பார்த்தாயா, எங்கள் புலவனுக்கு அன்றே தெரியும்' என்று கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பனங்கிழங்கு ராஜா செய்த காரியம்தான் அதுவும். குமரி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு ஆச்சரியம். நாரை சிறகடித்துப் பறப்பதைவிடத் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து மிதப்பதையே நம்பியிருக்கிறது. கடல்மேல் அந்தக் காற்று கிடைப்பது அரிது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகும்போதும் நடுக்கடலைத் தவிர்த்து, பாஸ்பரஸ், ஜிப்ரால்டர் ஜலசந்திகள் வழியாகத்தான் சுற்றிப் போகிறது. தரை தீர்ந்துபோகிற குமரியில் திரும்புவது அதற்குப் பொருத்தமான காரியம். நாவலாசிரியன் என்ற முறையில், பொருத்தம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

தமிழில் கண்டு எழுதினவர்கள் இல்லாமல் போகவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-ல் தாம் காலமாகும்வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் ஓயாமல் காட்டு ஜீவன்களைப் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார்; 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார்கள். நாவலாசிரியர் வீட்டுப் பிள்ளை கதைக்காரர்களுக்குச் செய்திருக்கும் உபகாரம் அது. கதை எழுதுகிற நாம் எத்தனை பேர் அதை வாங்கியிருக்கிறோம் என்று கேட்டால் எனக்கே பதில் சொல்லச் சிரமம். நண்பர் இரவல் கொடுத்துத்தான் படித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போனபோது அந்த மாலை வேளையைத் திருத்தினேன். முதலில் கூவலை மட்டும் எடுத்தேன். பிறகு நாரை ஏன் என்று தோன்றிற்று. பைனாகுலரில் தேடி மூன்று பங்குனியிலும் எனக்கு அகப்படாத பறவை, ஏரிக்கரைக்குக் குடத்தோடு வந்தவளுக்கு எப்படிக் கூட்டமாக அகப்பட்டது? அதையும் எடுத்தேன். வேறு பறவை எதையும் வைக்கவில்லை. இப்போது அவள் கரையில் சும்மா நிற்கிறாள். கண்ணில் நீர் நிறைவது அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப்போயிற்று. பதிப்பாளர், நல்ல வரியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று வருத்தப்பட்டார்.

புஸ்தகத்தை ஐயப்பன்தாங்கலுக்கு அனுப்பி வைத்தேன். பத்து நாளில் கார்டு வந்தது. நாரை போனதில் சந்தோஷமாம். ஏழாம் அத்தியாயத்தில், கிணற்றடிப் பூவரச மரத்தில் ஆனி மாதத்தில் ஒரு வாலாட்டிக் குருவி வந்து உட்காருகிறதே, அது சாம்பல் வாலாட்டியா, மஞ்சள் வாலாட்டியா, எதுவானாலும் ஆனியில் இங்கே என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார்.